நம்பத்தக்க பயணி: அமெரிக்க விமான நிலையங்களில் விரைவுச் சோதனை முறையின் தோற்றமும் வளர்ச்சியும்

2001 நவம்பர் 19ஆந் திகதி ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் கையொப்பமிட்ட விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம், தனியார் காவலாளரிடம் இருந்துவந்த பயணிகள் சோதனையை அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பாக்கிய சட்டம் என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றது. போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் என்னும் பேரமைப்பு அச்சட்டத்தின் வழியே தோன்றியது. ஆயின், அதே சட்டத்தின் 109ஆம் பிரிவில் அதிகங் கவனிக்கப்படாத ஏற்பாடொன்றும் உண்டு. ‘நம்பத்தக்க பயணி’களுக்கான திட்டங்களை வகுத்து, அவற்றிற் சேர்ந்தோரைச் சோதனையில் விரைந்து அனுப்புவதற்கான அதிகாரத்தை அப்பிரிவு புதிய நிருவாகத்துக்கு வழங்கியது. செப்டெம்பர் 11இன் பேரழிவு நிகழ்ந்து பத்து வாரங்கள் நிறையாத வேளை அது. எல்லோரையும் கடுமையாகச் சோதிக்க வேண்டுமென நாடே கோரிய அக்கணத்திலேயே, சிலரை அக்கடுமையிலிருந்து விலக்குவதற்கான விதையும் ஊன்றப்பட்டது.

விரைவுச் சோதனை வரிசை பொதுவாக ஒரு வசதியாகவே பேசப்படுகின்றது. சப்பாத்தைக் கழற்றாமலும் மடிக்கணினியைப் பையிலிருந்து எடுக்காமலும் சில நிமிடங்களில் விமான வாயிலை அடையும் வாய்ப்பு என்ற அளவில் அப்பேச்சு முடிந்துவிடும். வரலாற்று நோக்கில் அதனை அணுகுவோர்க்கோ வேறு வினாக்கள் எழுகின்றன. பெருங்கூட்டமொன்றைச் சோதிக்கக் கடமைப்பட்ட அரசு, யாரைச் சோதியாமல் விடலாம் என எவ்வாறு தீர்மானிக்கின்றது? அத்தீர்மானத்துக்கு அது கொள்ளும் சான்று யாது? ஒருவர் மிச்சப்படுத்தும் நேரம் எவருடைய கணக்கிலே பற்று எழுதப்படுகின்றது? இவ்வினாக்கள் 2001இல் பிறந்தவையல்ல; பயணிகள் சோதனை தொடங்கிய நாளிலேயே அவையும் தொடங்கிவிட்டன.

கடத்தற் காலம்

1961 மே 1ஆந் திகதி புளோரிடா மாநிலத்தின் மரதன் நகரிலிருந்து கீ வெஸ்ற் நோக்கிப் புறப்பட்ட விமானமொன்று வழியிற் கியூபாவுக்குத் திருப்பப்பட்டது. அமெரிக்க விமானக் கடத்தல்களின் வரலாறு இந்நிகழ்வுடனேயே தொடங்குவதாகக் கொள்வர். அந்நாளில் விமான நிலையத்திற் சோதனை என ஒன்று இருக்கவில்லை. நியூயோர்க், பொஸ்ரன், வாஷிங்ரன் நகர்களை இணைத்து ஈஸ்ரேண் நிறுவனம் அவ்வாண்டு ஆரம்பித்த சேவையில், பயணிகள் விமானத்தில் ஏறி அமர்ந்த பின்னரே கட்டணஞ் செலுத்தலாம். பேருந்துக்கும் விமானத்துக்குமிடையே வேறுபாட்டைக் குறைப்பதே நிறுவனங்களின் இலட்சியமாக இருந்தது.

1968 தொடக்கம் 1972 வரையான ஐந்தாண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் 130க்கும் மேற்பட்ட கடத்தல் முயற்சிகள் நிகழ்ந்தன. ஆயினும் பயணிகள் யாவரையும் சோதிக்கும் யோசனையை விமான நிறுவனங்கள் எதிர்த்தே வந்தன. செலவு ஒரு காரணம். வாடிக்கையாளரைக் குற்றவாளிகளாக நடத்தினால் அவர்கள் மீண்டும் வாரார் என்ற அச்சம் அதனினும் பெரிய காரணம். ஹவானாவுக்குச் சென்றுதிரும்பும் விமானம் பெரும்பாலும் சேதமின்றித் திரும்பியமையால், கடத்தலை ஒரு வியாபாரச் செலவாகவே அவை கணித்தன எனலாம். கடத்துவோரை ஏமாற்றுவதற்காக ஹவானா விமான நிலையத்தின் போலியொன்றைத் தென் புளோரிடாவிற் கட்டலாம் என்ற யோசனையும் அக்காலத்தில் முன்வைக்கப்பட்டது என்பது, பயணிகளைச் சோதிக்காதிருப்பதற்காக எத்துணைத் தூரஞ் செல்ல ஆயத்தமாயிருந்தனர் என்பதைக் காட்டும்.

இந்நிலையில் சமஷ்டி விமானப் போக்குவரத்து நிருவாகம் 1969இல் ஒரு செயற்குழுவை அமைத்தது. அதில் இடம்பெற்ற உளவியலாளர் ஜோன் டெய்லி, அதுவரை அகப்பட்ட கடத்தல்காரரின் இயல்புகளை ஆராய்ந்து, சாதாரண பயணிகளிடமிருந்து அவர்களை வேறுபடுத்தும் அடையாளக்குறிகளைத் தொகுத்தார். பயணச்சீட்டு வழங்கும் ஊழியர் இப்பட்டியலைக் கொண்டு பயணிகளை நோட்டமிடுவார். குறிகளுக்குப் பொருந்துவோர் மட்டும் உலோகங்காண் கருவியினூடாகச் செல்ல வேண்டும். கருவி ஒலித்தால் விசாரணையும், தேவையெனின் உடற்சோதனையும் இடம்பெறும். 1969 ஒக்ரோபரில் ஈஸ்ரேண் நிறுவனம் இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஏனையோர் எவ்விதத் தடையுமின்றி விமானமேறினர். இன்றைய சொல்லிற் கூறுவதாயின், அன்று பயணிகளின் மிகப் பெரும்பான்மையினர் ‘விரைவு வரிசை’யிலேயே இருந்தனர். அதற்கென அவர்கள் விண்ணப்பிக்கவுமில்லை, கட்டணஞ் செலுத்தவுமில்லை. ஐயத்துக்குரிய சிலரைப் பொறுக்கியெடுத்தலே முறை. நம்பிக்கை பொதுவிதியாக இருந்தது.

இம்முறையின் வலிமையும் பலவீனமும் 1971இல் நியூயோர்க் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஜாக் வைன்ஸ்ரைன் விசாரித்த லோப்பெஸ் வழக்கில் வெளிப்பட்டன. பட்டியலுக்குப் பொருந்தியதாகக் கூறி மறிக்கப்பட்ட பயணி ஒருவரிடம் போதைப்பொருள் கண்டெடுக்கப்பட்டிருந்தது. அடையாளக்குறிகள் வெளியானால் அவற்றால் பயனில்லாது போகும் என்பதால், அவை பற்றிய சாட்சியம் மூடிய அறையிலே, எதிரியும் வெளியேற்றப்பட்ட நிலையிற் கேட்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து இலட்சம் பயணிகளுள் பட்டியலுக்குப் பொருந்தியோர் 1,400 பேரளவினரே என்ற தரவு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. முறைமை அரசியலமைப்புக்கு முரணன்று என நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆயின் அந்த வழக்கில் கிடைத்த சான்றை அவர் தள்ளிவிட்டார். ஏனெனில் விமான நிறுவனத்தார் உத்தியோகபூர்வப் பட்டியலிலிருந்து குறியொன்றை நீக்கித் தாமாக இரண்டைச் சேர்த்திருந்தனர். அவ்வாறு சேர்க்கப்பட்டவற்றுள் ஒன்று இனம் சார்ந்தது. நடுநிலையான அறிவியற் கருவியாக உருவாக்கப்பட்ட பட்டியல், நடைமுறைக்கு வந்து இரண்டாண்டுகள் செல்லுமுன்பே கையாளுவோரின் முற்சாய்வுகளுக்கு இடமளித்துவிட்டது. பிற்காலத் திட்டங்கள் பலவற்றின் கதையும் இவ்வழக்கிற் சுருக்கமாக அடங்கியுள்ளது எனின் மிகையாகாது.

பட்டியல் முறையின் முடிவு 1972 நவம்பர் 10ஆந் திகதி வந்தது. சதேர்ண் ஏர்வேஸ் விமானமொன்றைக் கைப்பற்றிய மூவர், பணங் கிடையாவிடின் தெனிசி மாநிலத்தின் ஓக் றிட்ஜிலுள்ள அணு உலையின்மீது விமானத்தை மோதப்போவதாக அச்சுறுத்தினர். விமானத்தையே ஆயுதமாக்கும் எண்ணம் அமெரிக்க மண்ணில் இவ்வளவு வெளிப்படையாகக் கூறப்பட்டமை அரசாங்கத்தை உலுக்கியது. டிசெம்பரில் அவசர ஒழுங்குவிதி பிறந்தது. 1973 ஜனவரி 5 முதல் விமானமேறும் ஒவ்வொருவரும், அவர்தங் கைப்பொதிகளும் சோதிக்கப்பட்டன.

அதன் பின்னர் கடத்தல்கள் சடுதியாகக் குறைந்தன. இதன் முழுப் பெருமையையும் சோதனைக் கருவிகளுக்கு அளித்தல் பொருந்தாது. 1973 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்காவும் கியூபாவும் கடத்தல்காரரைத் தண்டித்தல் அல்லது திருப்பியனுப்புதல் பற்றி உடன்பாடு கண்டன. புகலிடம் மறுக்கப்பட்டமையும் கடத்தலின் கவர்ச்சியைப் பெரிதும் குறைத்தது.

சமமான வரிசை

1973இன் ஒழுங்கு இலகுவிற் புறக்கணிக்கத்தக்கதன்று. தனவந்தரும் மாணவரும், அடிக்கடி பறப்பவரும் வாழ்விலொருமுறை பறப்பவரும் ஒரே கருவியினூடாக ஒரே வரிசையிற் சென்றனர். அவ்வாண்டு ஒன்பதாவது மேன்முறையீட்டு நீதிமன்றம் டேவிஸ் வழக்கில் இச்சோதனையை ஒரு நிருவாகச் சோதனையாக ஏற்றுக்கொண்டது. தனிநபர் எவர்மீதும் ஐயங்கொள்ளாது, பொதுவான ஆபத்தைத் தடுக்கும் நோக்குடன் நடத்தப்படுவதாலும், விமானத்தில் ஏறாதிருக்கும் தெரிவு பயணிக்கு இருப்பதாலும் அது நியாயமாகும் என்பது தீர்ப்பின் சாரம். யாவருக்கும் பொதுவாயிருத்தலே அதன் சட்டவலுவுக்குத் துணைநின்றது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

ஆனால் அச்சமத்துவம் மலிவான சமத்துவம். சோதனையின் செலவு விமான நிறுவனங்களின் தலையிற் பொறிந்தமையால், மிகக் குறைந்த விலைகூறிய காவல் நிறுவனங்களுக்கே ஒப்பந்தங்கள் சென்றன. காலப்போக்கிற் சோதனையாளர் வேலை, விமான நிலையத்தின் சிற்றுண்டிச்சாலை வேலையிலும் தாழ்ந்ததாயிற்று. 1998 மே முதல் 1999 ஏப்ரில் வரை 19 பெரிய விமான நிலையங்களிற் சோதனையாளரின் ஊழிய மாற்றம் ஆண்டுக்குச் சராசரி 126 வீதமாக இருந்ததெனக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் கண்டது. ஒரே பணியிடத்துக்கு ஆண்டொன்றில் ஒன்றுக்கு மேற்பட்டோர் வந்து போயினர் என்பது இதன் பொருள். வரிசை அன்று விரைந்து நகர்ந்தது உண்மையே. அதன் விரைவுக்குக் காரணம் அதன் தளர்வு.

இதற்கிடையே ஐயப்பட்டோரைப் பொறுக்கும் பழைய எண்ணம் வேறு வடிவில் மீண்டது. 1988 டிசெம்பர் 21இல் லொக்கபி நகரின்மேல் பான் அம் விமானம் குண்டினால் தகர்ந்து 270 பேர் மாண்டனர். 1996 ஜூலையில் ரீ.டபிள்யூ.ஏ. 800 விமானம் நியூயோர்க்கின் அருகே வீழ்ந்தபோது—அது குண்டினால் நேர்ந்ததன்று எனப் பின்னரே தெளிவாயிற்று—உபஜனாதிபதி அல் கோரின் தலைமையில் ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1997இல் அது அளித்த அறிக்கை, பயணிகளைக் கணினிமூலம் தரம்பிரிக்குமாறு விதந்துரைத்தது. ‘காப்ஸ்’ எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட முறைமை இவ்வாறு நடைமுறைக்கு வந்தது. இங்கும் பாரபட்சம் பற்றிய அச்சமும் தாமதம் பற்றிய முறைப்பாடுகளும் முன்னின்றன. எனவே கணினியாற் குறிக்கப்பட்டவரின் உடலோ கைப்பொதியோ விசேடமாகச் சோதிக்கப்படாது. அவர் ஒப்படைத்த பொதி மட்டும் வெடிபொருளுக்காகச் சோதிக்கப்படும், அல்லது அவர் விமானமேறியமை உறுதியாகும்வரை நிறுத்திவைக்கப்படும் என்று தீர்மானிக்கப்பட்டது. குண்டுவைப்பவன் தான் சாக விரும்பான் என்ற கணிப்பு இதன் அடியிலிருந்தது.

2001 செப்டெம்பர் 11ஆந் திகதி அக்கணிப்பு பொய்த்தது. விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கைப்படி, பத்தொன்பது கடத்தல்காரருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் அன்று காலை மேலதிக கவனத்துக்கெனக் குறிக்கப்பட்டிருந்தனர். பென்ரகனில் மோதிய 77ஆம் இலக்க விமானத்தின் ஐவரும் குறிக்கப்பட்டனர். மூவரைக் கணினி குறித்தது, எஞ்சிய இருவரையும் பயணச்சீட்டுக் கரும்பீடத்து ஊழியர் ஐயுற்றார். விளைவு யாது? அவர்களது பொதிகள், அவர்கள் ஏறும்வரை ஏற்றப்படாது நின்றன. அவர்கள் ஏறினர், பொதிகளும் ஏறின. ஐயுறவேண்டியோரை இனங்காணும் முயற்சி முற்றாகத் தோற்றது எனக் கூறுவதிலும், இனங்கண்டபின் செய்யவேண்டியதைச் செய்யாத முறைமை தோற்றது எனக் கூறுவதே பொருத்தமாகும். ஆனால் பின்வந்த கொள்கை வகுப்பாளர் இப்பாடத்தைக் கற்றனரா என்பது ஐயத்துக்குரியது.

விலைக்கு வந்த நம்பிக்கை

2001இன் பின் சோதனை கடுமையாயிற்று. ஒவ்வொரு சதிமுயற்சியும் ஒவ்வொரு புதிய விதியை விட்டுச்சென்றது. அவ்வாண்டு டிசெம்பரிற் சப்பாத்தினுள் வெடிமருந்து வைத்திருந்த ஒருவன் பிடிபட்டான். 2006 ஓகஸ்ற்றில் திரவ வெடிமருந்துச் சதி இலண்டனில் அம்பலமானதும், சப்பாத்துக் கழற்றல் கட்டாயமாகித் திரவங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. 2009 நத்தார் தினத்தன்று உள்ளாடையில் வெடிபொருள் மறைத்த முயற்சிக்குப் பின்னர், உடலின் உருவத்தைக் காட்டும் கருவிகளும், மறுப்போர்க்குக் கைகளால் தடவிப் பார்க்கும் சோதனையும் பரவலாயின. 2010 நவம்பரில் இதற்கெதிராக எழுந்த பொதுமக்கள் சினம் குறிப்பிடத்தக்கது.

சோதனையின் சுமை கூடக்கூட, அதிலிருந்து விடுபடுதலும் விலைமதிப்புள்ள பண்டமாயிற்று. 2004 கோடையில் மினியாபொலிஸ், லொஸ் ஏஞ்சலிஸ், ஹியூஸ்ரன், பொஸ்ரன், வாஷிங்ரன் ஆகிய ஐந்திடங்களில் ‘பதிவுசெய்த பயணி’ என்ற பரீட்சார்த்தத் திட்டம் ஆரம்பமானது. கைரேகையும் கருவிழிப் பதிவும் கொடுத்துப் பின்னணி விசாரணைக்கு உடன்பட்டோர் அதிற் சேர்க்கப்பட்டனர். இத்தகைய உடலடையாள முறைமைக்கு முன்னோடி, சோதனைக் கூடத்திலன்றிக் குடிவரவுக் கரும்பீடத்திற் காணப்படுகின்றது. 1993இலேயே நியூயோர்க் கென்னடி, நியூவார்க் விமான நிலையங்களில், உள்ளங்கையின் வடிவத்தை அளந்து பயணியை நாட்டுக்குள் அனுமதிக்கும் முறை பரீட்சிக்கப்பட்டது. அவ்வழியின் தொடர்ச்சியே 2008இல் ஆரம்பித்த ‘குளோபல் என்றி’.

2005இல் ஓர்லாண்டோ விமான நிலையத்திற் பதிவுசெய்த பயணித் திட்டத்தைத் தனியார் ஏற்றனர். பத்திரிகையாளராயிருந்து தொழில்முனைவோரான ஸ்ரீவன் பிறில் நிறுவிய ‘கிளியர்’ சேவை பல நகர்களுக்குப் பரவியது. இங்கு ஒரு விநோதம் நிகழ்ந்தது. 2008இல் அரசாங்கம், இத்திட்டத்துக்கெனச் செய்துவந்த பின்னணி விசாரணையைக் கைவிட்டது. அதன் பின்னர் கிளியர் உறுப்பினர் கட்டணமாகச் செலுத்தியது வரிசையின் முன்னிடத்துக்கேயன்றி, குறைந்த சோதனைக்கன்று. அவரும் சப்பாத்தைக் கழற்றினார். ஆனால் பிறருக்கு முன்னதாகக் கழற்றினார். அதே ஆண்டில் விண்ணப்பதாரர் ஏறக்குறைய 33,000 பேரின் விபரங்கள் கொண்ட மடிக்கணினியொன்று சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திற் காணாமற்போய்ப் பின்னர் மீண்டது. 2009 ஜூனில் நிறுவனம் ஒரே நாளில் மூடப்பட்டது. முற்பணமாக ஆண்டுக்கட்டணஞ் செலுத்தியோர் கையறுநிலையில் நின்றனர். அவர்கள் ஒப்படைத்த கைரேகைகளும் கருவிழிப் பதிவுகளும் யாருடைய சொத்து என்ற வினா அன்றே எழுந்தது. 2010இற் புதிய உரிமையாளர் அப்பெயரை வாங்கி மீண்டும் தொழில் நடத்தினர்.

அரசாங்கத்தின் சொந்தத் திட்டம் இதற்குப் பின்னரே உருவானது. எவ்.பி.ஐ.யின் பிரதிப் பணிப்பாளராயிருந்து போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகத்தின் தலைவரான ஜோன் பிஸ்ரல், ஆபத்தின் அளவுக்கேற்பச் சோதனை என்ற கொள்கையை முன்வைத்தார். பயணிகளில் மிகப் பெரும்பாலோர் ஆபத்தற்றோர். அவர்களை முன்னரே அறிந்துகொண்டால், அறியப்படாதோர்மீது கவனத்தைக் குவிக்கலாம் என்பது அவரது வாதம். வைக்கோற்போரைச் சிறிதாக்கினால் ஊசியைத் தேடுதல் எளிது என்ற இவ்வாதத்தின் தருக்கத்தை மறுப்பது இலகுவன்று. 2011 ஒக்ரோபர் 4ஆந் திகதி அற்லாண்டா, டிற்றோயிற், டலஸ், மயாமி ஆகிய நான்கு விமான நிலையங்களில் ‘பிறீசெக்’ தொடங்கியது. முதலில் டெல்ரா, அமெரிக்கன் ஆகிய இரு நிறுவனங்களில் அடிக்கடி பறப்போரும் குளோபல் என்றி போன்ற எல்லைத் திட்டங்களின் உறுப்பினரும் அழைக்கப்பட்டனர். 2013 டிசெம்பரிலிருந்து எவரும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. ஐந்தாண்டுக்குக் கட்டணம் 85 டொலர், அத்துடன் கைரேகை, பின்னணி விசாரணை. சப்பாத்தும் இடுப்புப்பட்டியும் இலேசான மேலங்கியும் அணிந்தபடியே, மடிக்கணினியும் திரவங்களும் பையிலிருக்க, உடலுருக் காட்டும் கருவிக்குப் பதிலாகப் பழைய உலோகங்காண் கருவியினூடாக உறுப்பினர் சென்றனர். நுணுகி நோக்கின், இவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 2001க்கு முற்பட்ட சோதனையே. முன்னர் யாவர்க்கும் இலவசமாக இருந்த ஒன்று, விண்ணப்பமும் கைரேகையும் கட்டணமும் வேண்டிநின்ற சலுகையாகத் திரும்பி வந்தது.

முன்கூட்டி அறிதலின் ஆபத்து

திட்டத்தின் மீதான மிகக் கூரிய விமர்சனம் கணிதத் துறையிலிருந்து வந்தது. 2002இலேயே மசச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்து மாணவர் இருவர், கணினித் தரம்பிரிப்பு முறையை முறியடிக்கும் வழியொன்றை எழுதிக்காட்டினர். ஒரு குழுவினர் தம் உறுப்பினரை ஆயுதமின்றிப் பலமுறை பறக்கச் செய்து, எவர் குறிக்கப்படுகிறார், எவர் குறிக்கப்படவில்லை என அறிந்து, குறிக்கப்படாதோரை மட்டுமே பின்னர் பயன்படுத்தலாம். ஆதலால், தற்செயற் தெரிவிலும் தரம்பிரிப்பு பலவீனமானதாகவும் அமையக்கூடும் என்பது அவர்களின் முடிபு. பாதுகாப்பியல் அறிஞர் புறூஸ் ஷ்னையரும், எளிய வழியொன்றைத் திறந்தால் தீயோர் அவ்வழியையே நாடுவர் என்ற கருத்தைத் தொடர்ந்து வலியுறுத்தினார். 2012 ஒக்ரோபரில், பிறீசெக் வரிசைக்கு உரியவரா என்ற விபரம் விமானமேறும் சீட்டின் கோட்டுக் குறியீட்டில் மறைக்கப்படாது இருந்தமையும், எவரும் வீட்டிலிருந்தே அதனை வாசித்தறியலாம் என்பதும் வெளியாயின. மாணவரின் கணிதம் ஏட்டளவிலான அச்சமன்று என்பதற்கு இது சான்று. உறுப்பினரும் சிற்சில வேளை முன்னறிவிப்பின்றிச் சாதாரண வரிசைக்கு அனுப்பப்படுவர் என நிருவாகம் தொடக்கமுதலே வற்புறுத்தி வந்தமைக்கு இதுவே காரணம். கட்டணஞ் செலுத்தியோர் அதனைக் குறையாகக் கருதினும், திட்டத்தில் மிக அறிவார்ந்த அம்சம் அதுவே எனலாம்.

நிருவாகத்தின் தவறு வேறிடத்தில் நிகழ்ந்தது. விண்ணப்பித்தோர் தொகை எதிர்பார்த்த அளவுக்கு உயராதபோது, விரைவு வரிசைகள் வெறிச்சோடின. அவற்றை நிரப்பும்பொருட்டு, நடத்தை நோக்கும் உத்தியோகத்தரையும் மோப்ப நாய்களையும் கொண்டு கணநேரம் மதிப்பிட்டபின், பதிவுசெய்யாத பயணிகளும் அவ்வரிசைக்கு அனுப்பப்பட்டனர். நம்பத்தக்கவர் யார் என அறிவதற்காக அமைந்த வரிசை, அறியப்படாதவராலும் நிரம்பியது. இம்முறையின் பாதுகாப்பு முழுமையாகப் பரிசோதிக்கப்படவில்லை எனக் கணக்காய்வு அலுவலகம் 2014 டிசெம்பரிற் சுட்டியது. 2015 மார்ச்சில் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பரிசோதகர் வெளியிட்ட அறிக்கை இதனினும் வியப்பூட்டுவது. முன்னர் உள்நாட்டுப் பயங்கரவாதக் குழுவொன்றைச் சேர்ந்திருந்து பாரிய குற்றங்களுக்குத் தண்டனை பெற்ற ஒருவருக்குக் கணினி விரைவுச் சோதனையை வழங்கியிருந்தது. செய்திகளிற் கண்ட முகமென அவரை இனங்கண்டவர் வரிசையில் நின்ற சோதனை உத்தியோகத்தர் ஒருவரே. மேலதிகாரியோ மேலெதுவுஞ் செய்ய வேண்டாம் எனப் பணித்தார். 77ஆம் இலக்க விமானத்தின் இருவரை ஐயுற்ற ஊழியரின் நினைவு இங்கு வாராதிராது. இரு சந்தர்ப்பங்களிலும் மனிதக் கண் கண்டது. முறைமை அதனைப் பயன்படுத்தவில்லை.

அவ்வாண்டு ஜூனில், மாறுவேடப் பரிசோதகர் எழுபது முயற்சிகளுள் அறுபத்தேழிற் போலி ஆயுதங்களையும் வெடிபொருள்களையும் சோதனையூடாகக் கொண்டுசென்றமை வெளியாயிற்று. புதிய தலைவர் பீற்றர் நெவெஞ்சர், பதிவுசெய்யாதோரை விரைவு வரிசைக்கு அனுப்பும் பழக்கத்தை 2015 செப்டெம்பரளவில் நிறுத்தினார். பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவு. ஆயின் அதன் விலையைச் செலுத்தியோர் யார்? திட்டத்தில் இரண்டரைக் கோடிப் பேர் சேர்வர் என்ற எதிர்பார்ப்பிற் சோதனையாளர் தொகை முன்னரே பல ஆயிரத்தாற் குறைக்கப்பட்டிருந்தது. சேர்ந்தோரோ அதன் அரைவாசிக்கும் குறைவு. விளைவாக 2016 வசந்த காலத்திற் சாதாரண வரிசைகள் மணிக்கணக்கில் நீண்டன. சிக்காகோவில் விமானத்தைத் தவறவிட்ட பயணிகள் இரவைத் தற்காலிகக் கட்டில்களிற் கழித்தனர். காங்கிரசின் அனுமதியுடன் 768 புதிய சோதனையாளரை அவசரமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இந்நிகழ்வை ஒரு நிருவாகத் தடுமாற்றமாக மட்டும் கொள்ளுதல் போதாது. விரைவு வரிசை, சாதாரண வரிசையின் சுமையைக் குறைக்கும் என்பதே அதன் ஆதரவாளர் கூறிய நியாயம். கொள்கையளவில் அது உண்மையாகலாம்: ஒருவர் விரைந்து செல்லின் பின்னிற்போரும் பயனடைவர். ஆயின் மிச்சமான உழைப்பு சாதாரண வரிசைக்குத் திருப்பப்படாது, வரவுசெலவுத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டமையால், காத்திருப்பு வரிசையிலிருந்து மறையவில்லை. விண்ணப்பியாதோர்க்கு அது கைமாற்றப்பட்டது. இவர்கள் பெரும்பாலும் ஆண்டில் ஒருமுறை குடும்பத்துடன் பறப்போர். அடிக்கடி பறப்போரின் கட்டணத்தைத் தொழில் நிறுவனமோ கடனட்டை நிறுவனமோ ஏற்பது வழக்கமாகிவிட்டது. குற்றப் பதிவுடையோர் பலர் கட்டணஞ் செலுத்தினாலும் சேர முடியாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பின்னர் எண்ணிக்கை உயர்ந்தது. கட்டணம் சிறிது குறைந்து, பதிவுசெய்யும் பணி பல தனியார் நிறுவனங்களுக்குப் பகிரப்பட்டது. 2024 ஓகஸ்ற்றில் பிறீசெக் உறுப்பினர் இரண்டு கோடியைத் தாண்டினர். ஓர் அபூர்வச் சலுகையாகப் பிறந்தது பெருந்திரளின் வழக்கமாக மாறியபோது, விரைவு வரிசையும் சில வேளைகளில் நீளலாயிற்று. அதற்கும் முன்னே செல்ல விரும்புவோர் மீண்டும் உயிர்பெற்ற கிளியர் சேவையின் ஆண்டுக்கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்தினர். உறுப்பினரை ஏனையோர்க்கு முன்னே கொண்டுசென்று நிறுத்தும் இப்பழக்கத்தைத் தடுத்து, அத்தகைய தனியார் சேவைக்கு வேறான வரிசை வேண்டும் எனக் கலிபோர்ணியாச் சட்டமன்றத்தில் 2024இற் சட்டமூலமொன்று கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகவில்லை.

2025 ஜூலை 8ஆந் திகதி, சாதாரண வரிசையிற் செல்வோரும் இனிச் சப்பாத்தைக் கழற்ற வேண்டியதில்லை என உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் அறிவித்தது. கருவிகள் முன்னேறியமை காரணமாகக் கூறப்பட்டது. திரவங்கள், மடிக்கணினி, இடுப்புப்பட்டி பற்றிய விதிகள் அவ்வறிவித்தலால் மாறவில்லை. பதினான்கு ஆண்டுகளாக நம்பத்தக்கோரின் அடையாளமாயிருந்த சலுகை இவ்வாறு எல்லோர்க்கும் உரியதாயிற்று. அதற்கெனக் கைரேகை கொடுத்துப் பதிந்தோரின் கைரேகைகள் மாத்திரம் அரசாங்கத்தின் ஏட்டில் இருந்தவாறே இருந்தன.